முந்தானைக்கு அடியில் ஒரு ராஜ வேஷம்

அவருடைய முழங்கைக்குப் பின்னால் ஒரு தங்கத் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. திண்டிவனம் செஞ்சி ரோட்டில், உரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது என் ஆரி வேலைக் கடை. குடையை மடக்கிக்கொண்டு ஒருவர் படியேறி வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தோள் இரண்டும் முன்னால் விழுந்து, கொஞ்சம் கூன் போட்ட மாதிரி நடை. தலைமுடியை நீளமாக வளர்த்துப் பின்னால் முடிந்து, அதன்மேல் துண்டைச் சுற்றியிருந்தார்.

“வெண்ணிலாவோட அப்பாம்மா. ஏழுமலை. கல்யாணப் பொடவைய குடுத்துட்டு வரச் சொல்லிச்சி. நூலு கலரு மேட்ச் பாக்கணும்னு சொன்னீங்களாமே.”

வெண்ணிலா விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கார்த்திகையில் கல்யாணம். முந்தின வாரம்தான் வந்து கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் புடவையை வாங்கிக்கொண்டேன். நல்ல அரக்குப் பட்டு. ஆனால் கண் என்னவோ அவர் முழங்கையிலேயே நின்றது. என் கடையிலிருந்து வெளியே போகிறவர்கள் மேல் ஜரிகையும் சம்கியும் ஒட்டியிருந்தால் அதில் அதிசயமில்லை. உள்ளே வருகிறவர் மேல் எப்படி ஒட்டும்?

“அண்ணே, கையில இன்னா ஒட்டிக்கினு இருக்குது?”

அவர் கையைத் திருப்பிப் பார்த்தார். கூச்சப்பட்டார். “அது ஜிகினாத்தாளும்மா” என்று பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஜிகினா எதுக்கு?”

“சும்மா. வூட்டுல கொஞ்சம் வேலை.”

என்னோடு வேலை பார்க்கும் பர்வீன் பிரேமுக்கு அடியில் என் காலைத் தட்டினாள். விட்டுவிடு என்று அர்த்தம். என்னால் எதையும் அப்படி விட முடிந்ததில்லை. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு அது தெரியும். முதல் முறையாகப் படிப்பவர்கள் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். அவர் படி இறங்குவதற்குள் பின்னாலேயே போய் மறுபடி கேட்டேன்.

“தெருக்கூத்து வேஷக் கட்டைக்கு ஒட்டிக்கினு இருந்தேம்மா” என்றார் ஒருவழியாக. “மழைக் காலத்துல ஆட்டம் கெடையாது. ரிப்பேரு வேலைலாம் இப்பதான். வந்து பாக்கணும்னா பாருங்க, ஒலக்கூரு தாண்டி நம்ம ஊரு.”

வந்து பாருங்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் அதை அழைப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

உரக்கடை டைரி

ஒருவர் கையிலிருந்த காகிதத் துணுக்குக்கு இவ்வளவு பறப்பானேன் என்று கேட்பீர்கள். அதற்கு அந்த வருஷத்து சரஸ்வதி பூஜையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் அன்று ஊசியைத் தொடக்கூடாது. முந்தின நாளே பிரேமைத் துடைத்து, ஊசிகளையும் கத்தரிக்கோலையும் நூல்கண்டுகளையும் ஒரு தட்டில் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிடுவோம். பர்வீன் சந்தனம் வைக்க மாட்டாள். ஆனால் பொரியும் சுண்டலும் முதல் ஆளாக வாங்கிக்கொள்வாள். புத்தகம், பேனாவையும் சேர்த்துத்தான் பூஜையில் வைக்க வேண்டும். அதனால் அன்று படிப்பதும் கிடையாது, எழுதுவதும் கிடையாது.

வருஷம் முழுக்க ஓடின கைக்கு அன்று ஒரு வேலையும் இல்லை. மத்தியானம் தாங்க முடியவில்லை. கீழே உரக்கடையில் வருஷா வருஷம் ஒரு டைரி கொடுப்பார்கள். யூரியா மூட்டை படம் போட்ட அட்டை. அதை நான் பூஜையில் வைக்க மறந்திருந்தேன். பூஜையில் இல்லாத டைரிக்குத் தடை இல்லை என்று எனக்கு நானே சட்டம் எழுதிக்கொண்டு, பென்சிலால் ஒரு சுண்டல் கடலையை வரைந்தேன். அதன் மூக்கு, மேல் தோலில் விழுந்திருந்த சுருக்கம், அருகில் கிடந்த தேங்காய்ச் சில்லு எல்லாவற்றையும் வரைந்தேன்.

வரைந்து முடித்தபோதுதான் ஒன்று உறைத்தது. ஒரு படத்தைப் பார்க்காமல், ஒரு பொருளைப் பார்த்து வரைந்து எவ்வளவோ வருஷம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் என் கையாலேயே கொடி போடுவேன். பிறகு போன் வந்தது. கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் போனை நீட்டி, “இதே மாதிரி போட்டுருங்கக்கா” என்பார்கள். செஞ்சிப் பெண்ணும் மயிலம் பெண்ணும் ஒரே படத்தைத்தான் காட்டுவார்கள். அந்தப் படத்தில் இருக்கும் கை யாருடையது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அச்சு மாதிரி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நன்றாகவே ஓடியது கடை. ஆனால் கையில் ருசி போய்விட்டது. ஜுரம் விட்ட வாய்க்கு எல்லாம் ஒன்றுபோல இருக்குமே, அப்படி.

அன்றிலிருந்து அந்த டைரி எப்போதும் என் பையில் இருந்தது. நவம்பர் மாதப் பக்கத்தில் தொடங்கினேன், காரணம் ஒன்றும் இல்லை, அங்கேதான் திறந்தது. கண்ணில் பட்டதை வரைவது, பக்கத்தில் இரண்டு வரி எழுதுவது. ‘விழுப்புரம் பஸ். கண்ணாடியில் மழைத்துளி. ஒன்று இன்னொன்றைத் தொட்டதும் இரண்டும் ஓடுகின்றன.’ ‘வேக வைத்த மல்லாட்டைக் கடலை. ஓட்டின் மேல் வலை. வலைக்குள் எப்போதும் மண்.’ ‘உரக்கடை வாசலில் தேங்கின தண்ணீரில் எண்ணெய். ஏழு நிறம் இல்லை, நான்குதான்.’

பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் பாடத்தில் இலையுதிர் காலம் என்று ஒன்று வரும். மஞ்சள் இலை, சிவப்பு இலை, ஓவியர்கள் எல்லாம் காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நமக்கு அந்த மாதங்களில் இலை உதிர்வதில்லை, இலை முளைக்கிறது. வேலியில் என்னென்னவோ கொடி ஏறுகிறது. வெறும் சுவரில் பாசி பிடித்து வங்காள தேசத்து வரைபடம் மாதிரி ஓரம் கட்டுகிறது. வரைகிறவளுக்கு அதுவே போதும்.

கல்மரம் கொசுவர்த்தி ஆன கதை

டைரியில் வரைவது ஒன்று, அது துணிக்கு வருவது வேறு. முதலில் செய்ததெல்லாம் சொதப்பல்தான்.

மல்லாட்டை ஓட்டின் வலையை ஒரு ஜாக்கெட் கைக்குப் போட்டேன். வாங்கிப் போன பெண், “தேன்கூடு சூப்பர்க்கா” என்றாள். சரி, தேன்கூடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவக்கரைக்குப் போனேன். வக்கிரகாளியைக் கும்பிட்டுவிட்டு, கல்மரப் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. அதில் வளையங்கள் அப்படியே இருக்கின்றன. மழையில் நனைந்தால் பழுப்பும் சிவப்பும் எழும்பி வருகின்றன. எத்தனை காலத்து மரம், எந்த மழையில் விழுந்தது, விழுந்தபோது அதில் ஏதாவது பறவை உட்கார்ந்திருந்ததா என்று நினைத்துக்கொண்டே பக்கம் பக்கமாக வரைந்தேன். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, “கோலமாம்மா?” என்றார்.

அந்த வளையங்களை ஆசை ஆசையாகப் பட்டில் ஏற்றினேன். பழுப்பு நூல், செம்பு ஜரிகை. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். பர்வீன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தாள்.

“சொல்லு பர்வீன்.”

“கொசுவர்த்திக்கா” என்றாள்.

முதுகில் கொசுவர்த்தியோடு ஒரு மணப்பெண்ணை அனுப்ப முடியுமா? அத்தனையையும் பிரித்தோம். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அது நானாகவே செய்த கொசுவர்த்தி.

இந்த நேரத்தில்தான் வெண்ணிலா வந்தாள். போனை நீட்டாத முதல் பெண். “யாரு ஜாக்கெட்லயும் இல்லாத டிசைனா போடுங்கக்கா. எனக்குன்னு இருக்கணும்” என்றாள். அப்படி ஒரு வார்த்தைக்குத்தான் நான் காத்திருந்தேன். கேட்டவுடன் தலை காலியாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

ஒலக்கூர் தாண்டி

ஏழுமலை அண்ணன் வீட்டுக் கூடத்தில் கால் வைக்க இடம் இல்லை.

சினிமா போஸ்டரைத் தரையில் விரித்து, அதன்மேல் கிரீடம், மார்புப் பதக்கம், கன்னக்கட்டை, புஜக்கட்டை எல்லாம் பரப்பியிருந்தார். புஜக்கட்டை என்பது ராஜ வேஷம் போடுகிறவர் தோள்மேல் கட்டிக்கொள்வது. கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியது. ஒரு பெரிய இலை நிமிர்ந்து நிற்கிற மாதிரி, நுனி வெளிப்பக்கம் வளைந்திருக்கும். நடுவில் ஒரு வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றிச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள். இடையில் பச்சை, சிவப்பு, தங்க ஜிகினாத்தாள். மைதாப் பசையின் புளித்த வாசனை வீடு முழுக்க அடித்தது.

“தை பொறந்தா ஜல்தியா போயிகினே இருக்கும்” என்றார். “ஆடி வரைக்கும் புக்கிங். ஒக்கார நேரம் இருக்காது. அதான் மழைல ஒக்காந்து ஒட்டறது. ஈரத்துல காயறதுதான் பேஜாரு.”

எனக்கும் அதே பேஜார்தான். ராத்திரி இழுத்துக் கட்டின துணி காலையில் தொய்ந்து கிடக்கும். அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேசினோம். அவர் அடுப்புச் சூட்டில் காட்டுவாராம், நான் இஸ்திரிப் பெட்டி வைப்பேன்.

டைரியை எடுத்து வரைய ஆரம்பித்தேன். கண்ணாடிச் சில்லை ஏன் நேராக ஒட்டாமல் சாய்த்து ஒட்டுகிறார், பச்சைக்குப் பக்கத்தில் ஏன் பச்சை வருவதில்லை, இந்த நுனி ஏன் வெளியே வளைகிறது? நான் கேட்கக் கேட்க அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். சிலதுக்கு, “தெரிலம்மா, எங்க வாத்தியாரு அப்பிடி ஒட்டுவாரு” என்றார்.

தரையில் கிடப்பதை வரைந்தால் தோளில் எப்படி நிற்கும் என்று பிடிபடவில்லை. “ஒரு தடவை கட்டிக் காட்டுங்கண்ணே” என்றேன்.

அவர் பனியனோடு எழுந்து நின்று, இரண்டு புஜக்கட்டைகளையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டார். கட்டி முடித்ததும் நான் பென்சிலை நிறுத்திவிட்டேன். என் கடைக்கு வந்த கூன் மனிதரைக் காணோம். தோள் இரண்டும் ஏறி, நெஞ்சு விரிந்து, கழுத்து நீண்டு வேறு யாரோ நின்றார். கூடமே சின்னதாகிவிட்டது.

“தோள எறக்க முடியாதும்மா இதக் கட்டிட்டா” என்றார். “எறக்குனா காதுல குத்தும். விடிய விடிய இப்பிடியேதான். ராஜா ஆச்சே.”

அவிழ்த்ததும் தோள் மறுபடி கீழே வந்துவிட்டது. தேநீர் கொண்டு வந்து வைத்தார். அப்போது அவர் மனைவி உள்ளேயிருந்து, “சம்பந்தி வூட்டுக்காரங்க வர்ற நேரம், எல்லாத்தையும் வாரி வையி” என்றது காதில் விழுந்தது. இடத்தை அடைக்கிறது என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்குன்னு இருக்கணும் என்று அந்தப் பெண் சொன்னாளே, இதைவிட அவளுக்கென்று வேறு என்ன இருக்க முடியும்? அப்பாவின் புஜக்கட்டை, மகளின் தோளில்! தங்க ஜரிகையில் இலை, நடுவில் கண்ணாடி, நுனி வெளிப்பக்கம் வளைந்து. ஒலக்கூரில் ஏறின ஒரு அம்மா என் டைரியை எட்டிப் பார்த்து, “சாமி கிரீடமாம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

“இத எங்க பாத்தீங்க?”

டிரேசிங் தாளில் பெரிதாக வரைந்து, கோடு முழுக்கக் குண்டூசியால் துளை போட்டேன். அந்தத் துளை வழியாகத்தான் வெள்ளைப் பொடியும் மண்ணெண்ணெயும் கலந்து தேய்த்துத் துணியில் கோடு இறக்குவோம். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் துளைகளில் எல்லாம் வெளிச்சம் வரும். வெண்ணிலா வந்ததும் அப்படித்தான் பிடித்துக் காட்டினேன்.

அவள் முகம் மாறியது. எனக்குப் பாராட்டு வரப்போகிறது என்று வாயை வேறு திறந்து வைத்திருந்தேன்.

“இத எங்க பாத்தீங்க?”

“ஒங்க வூட்லதான். அப்பா கட்டிக் காட்டுனாரு.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “அக்கா, இது வேணாம்” என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். மாப்பிள்ளை வீடு விழுப்புரம் டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறவர்கள். பேச்சுவார்த்தையின்போது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டதற்கு, இவள் மாமா முந்திக்கொண்டு, “விவசாயம்” என்று சொல்லிவிட்டார். அது பொய் இல்லை, நிலம் இருக்கிறது. அதே நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் அம்மா வேறு ஏதோ கல்யாணத்தைப் பற்றிப் பேசி, “பொண்ணுக்குக் கூத்தாடி மாதிரி மேக்கப்பு போட்டு வச்சிருந்தாங்க” என்று சிரித்தாராம்.

“அப்பா அங்கதான் எல போட்டுக்கினு இருந்தாரு. கேட்டுட்டு கம்முனு இருந்துட்டாருக்கா. அன்னிக்கி ராத்திரியே எங்கிட்ட, ‘நீ ஒண்ணும் சொல்லிக்காத பாப்பா, கல்யாணம் முடியட்டும்’னாரு. இப்ப இதப் போட்டுக்கினு நான் மேடைல நின்னா?”

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அந்த அம்மா மேலா, மாமா மேலா, காலம் போன காலத்தில் ஐடியா பிடித்துக்கொண்டு அலைந்த என்மேலா? தாளைச் சுருட்டி வைத்தேன்.

“அன்னம் போட்டுர்றேன்” என்றேன். “கழுத்துக்கு ரெண்டு, கைக்கு ஒண்ணு ஒண்ணு. தாமரைக் கொடி.”

“யாருகிட்டயும் இல்லாத மாதிரி…”

“அன்னம் எல்லாருகிட்டயும் இருக்குது வெண்ணிலா.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று டைரியில் நான் ஒன்றும் வரையவில்லை. ‘மழை’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஒரு பக்கம் மட்டும்

அன்ன வேலை பாதி ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசுகிறாள் போல, பின்னால் யாரோ டோக்கன் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா, அப்பா முடி வெட்டிட்டு வந்துட்டாரு.”

வேஷத்துக்காக வளர்த்த முடி. கல்யாணத்தில் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று அவராகவே போய்க் கிராப் வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். தைக்கு டோப்பா வைத்துக்கொள்கிறாராம்.

நான் ஊசியைப் பிரேமில் குத்தி வைத்தேன்.

“அந்தத் தாளு இருக்குதாக்கா?”

“இருக்குது.”

“எடது தோள்ல மட்டும் போடுங்க. முந்தானை மடிப்புக்கு அடில வர்ற எடத்துல. யாருக்கும் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“எனக்குத் தெரிஞ்சா போதும்.”

பர்வீனிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டாள். “தெரியாத எடத்துல போடறதுக்கு நம்ம ரெண்டு பேரு கண்ணு போவணுமா? அதுவும் ஒரு பக்கம்! மயில் கேசு மறந்து போச்சா?”

மயில் கேஸ் எங்கள் கடையில் ஒரு சரித்திரம். ஆரி வேலையில் ஒரு கைக்குக் கோடு இறக்கிய பிறகு, அடுத்த கைக்குத் தாளைப் புரட்டிப் போட வேண்டும். புரட்ட மறந்தால் இரண்டு கை மயிலும் ஒரே பக்கம் பார்க்கும். அப்படி ஒரு ஜாக்கெட்டை முழுவதும் முடித்து, தைத்து, பெண் போட்டுப் பார்க்கும்போதுதான் கண்டுபிடித்தோம். ஒரு மயில் அவள் முகத்தைப் பார்த்தது, இன்னொன்று அவளைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஒத்து வர வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலுக்கே அடிப்படை. ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், பார்க்கிறவர்கள் மணி தீர்ந்துபோய் நிறுத்திவிட்டாள் என்பார்கள்.

இருந்தாலும் போட்டோம். தோளில் தையல் குறுக்கே ஓடும் என்பதால், தனித் துண்டுத் துணியில் வேலையை முடித்து, ஜாக்கெட் தைத்த பிறகு மேலே வைத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். கண்ணாடியை நடுவில் வைத்து, சுற்றிலும் சில்லுகளைச் சாய்த்தே வைத்தேன். பச்சைக்குப் பக்கத்தில் பச்சை வரவில்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்றதும் கைக்கு ஒரு பயமும் இல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் ஊசி பிடித்ததில்லை என்று தோன்றுகிறது. புலம்பிக்கொண்டிருந்த பர்வீனே கடைசியில், “நுனிக்கு நான் போடறேன், தள்ளுங்கக்கா” என்று ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

வளவனூர் மண்டபம்

கல்யாணம் வளவனூரில். நானும் பர்வீனும் போயிருந்தோம். முகூர்த்தத்தில் எல்லோரும் அன்னத்தைப் பார்த்தார்கள். அழகாக இருக்கிறது என்றார்கள். இடது தோளில் முந்தானை மடிப்பு ஊக்குகளோடு கனமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அந்த மண்டபத்திலேயே மூன்று பேர்தான். ஏழுமலை அண்ணனுக்கே தெரியாது. கிராப்புத் தலையோடு, புதுச் சட்டை விறைக்க, பந்திக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து மாலையைக் கழற்றும்போது முந்தானை ஊக்கு ஒன்று கழன்றுகொண்டது. போட்டோ எடுப்பதற்கு முன் சரி செய்யப் பெண்ணின் அறைக்கு அழைத்து வந்தார்கள். “ஜாக்கெட்காரம்மா எங்கே?” என்று என்னையும் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போனபோது, மாப்பிள்ளையின் அம்மா முந்திக்கொண்டு முந்தானையைத் தூக்கிப் பிடித்திருந்தார். வாயில் ஊக்கு.

அவர் கை அப்படியே நின்றது. வாயிலிருந்த ஊக்கை எடுத்தார்.

“இது இன்னா வெண்ணிலா, இங்க ஒண்ணு வச்சிருக்க? அந்தப் பக்கம் காணோம்?”

ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு அவர் கன்னத்தில் ஒரு வெள்ளை வட்டம் ஆடியது. மணி தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். தொழிலே போனாலும் சரி என்று வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் வெண்ணிலா பேசினாள்.

“அது எங்கப்பாவோடது அத்தை.”

“அப்பாவோடதா?”

“எங்கப்பா கூத்துல ராஜ வேஷம் கட்டுவாரு. தோள்ல கட்டிக்கினு ஆடறது இது.” குரல் நடுங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. “ஆடி மாசம் வரைக்கும் புக்கிங் இருக்கும். சுத்துப்பட்டு ஊருல எல்லாருக்கும் தெரியும்.”

“ஒங்க மாமா வெவசாயம்னாரே?”

“வெவசாயமும் பண்றாரு.”

அறையில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். வெளியே நாதஸ்வரக்காரர்கள் காபி குடிக்கப் போயிருந்ததால் சத்தமே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் அந்தப் புஜக்கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாப்பாட்டு இலையில் தான் சொன்னது அவருக்கு நினைவு வந்ததா, வரவில்லையா, எனக்குத் தெரியாது. விரலால் கண்ணாடியின் ஓரத்தைத் தடவினார்.

“மொதல்லயே சொல்லியிருக்கணும். அது தப்புதான்” என்றார்.

வெண்ணிலா தலையை ஆட்டினாள்.

“இம்மாம் வேலை பண்ணி, மூடி வச்சா இன்னா அர்த்தம்?” என்று கேட்டுக்கொண்டே, மடிப்பைக் குறுக்கிக் கழுத்துப் பக்கமாகத் தள்ளி, அதன்மேல் ஊக்கைக் குத்தினார். தோள் வெளியே வந்தது. வலது தோளில் ஒன்றும் இல்லை, இடது தோளில் தங்க இலை நிமிர்ந்து நின்றது. ஒத்து வராத ஜாக்கெட். குத்திவிட்டு அவர் வெளியே போய்விட்டார். பர்வீன் என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

மேடையில் பெண் வீட்டாரை போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள். ஏழுமலை அண்ணன் கடைசியாகத்தான் ஏறினார். மகளுக்கு இடது பக்கம் போய் நின்றார். நின்ற பிறகுதான் பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். வெண்ணிலா நேராக கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் முன்னால் திரும்பினார். என் கண் எதிரே அந்தத் தோள் இரண்டும் ஏறின. நெஞ்சு விரிந்தது. கழுத்து நீண்டது.

“பெரியவரே, வெறப்பா நிக்காதீங்க” என்றான் போட்டோக்காரன். “தோள கொஞ்சம் எறக்குங்க.”

அவர் இறக்கவில்லை.